கரீபியன் பள்ளித் தோழர்களை மீண்டும் ஒன்று சேர்ப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கயானாவின் ஜார்ஜ்டவுனிலோ ஜமைக்காவின் கிங்ஸ்டனிலோ டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலோ 1960களில் ஒரே வகுப்பில் படித்தவர்களை இன்று ஒரே ஊரில் காண்பது அரிது. ஒருவர் டொரன்டோவில் ஓய்வு பெற்ற செவிலியராக இருப்பார். இன்னொருவர் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் லண்டனில் இருப்பார். நாலைந்து பேர் ஊரைவிட்டு நகராமல் அங்கேயே வாழ்ந்துகொண்டிருப்பார்கள். இவர்களைத் தேடிப் பிடித்து, பழைய நினைவுகளைச் சொல்ல வைத்து, மீண்டும் கிடைத்த தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன். நான் வசிக்கும் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்களும் கயானாக்காரர்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறோம். எதிர்வீட்டு ஆன்ட்டியின் பள்ளிக் குழுவுக்குக் கணினி வேலைகளில் உதவப் போனதில் இந்த வேலை எனக்குப் பழக்கமானது. கரீபியனில் படித்தவர்களுக்கு மட்டுமன்றி, அவர்களை மணந்தவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும், என்னைப் போல அக்கம்பக்கத்திலிருந்து கைகொடுப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நினைவுகளைத் திரட்டுவதும் தொடர்பைப் பேணுவதும் இருவேறு வேலைகள் அல்ல. நலம் விசாரித்துத் தொடங்கும் பேச்சு மூன்றாம் நாளே ஓய்ந்துவிடும். பள்ளி வாசலில் சன்னா விற்ற பெண்மணி எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று கேட்டுத் தொடங்கும் பேச்சு வாரக்கணக்கில் நீளும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்தவை.

காலத்தை உறுதி செய்யுங்கள்

யாரையும் தேடத் தொடங்குமுன், நீங்கள் தேடும் வகுப்பு எந்த ஆண்டில் எந்தப் படிவத்தில் (Form எனப்படும் வகுப்பு நிலையில்) இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் முறையில் இயங்கிய கரீபியன் உயர்நிலைப் பள்ளிகளில் முதல் படிவத்தில் சேர்ந்து ஐந்தாம் படிவத்தில் பொதுத் தேர்வு எழுதுவார்கள். சிலர் மட்டும் மேலும் இரண்டு ஆண்டுகள் ஆறாம் படிவத்தில் தங்குவார்கள். ஆகவே ஒருவர் தம்மை 1965ஆம் ஆண்டு மாணவர் என்று சொன்னால், அது பள்ளியில் சேர்ந்த ஆண்டா, முடித்த ஆண்டா என்று கேட்டே ஆக வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால் ஐந்தாண்டு வித்தியாசமுள்ள இரண்டு வகுப்புகள் ஒரே பட்டியலில் கலந்துவிடும்.

ஆண்டு மறந்துவிட்டது என்பவரிடம் எந்தத் தேர்வு எழுதினார் என்று கேளுங்கள். மூத்தவர்கள் கேம்பிரிட்ஜ் பள்ளிச் சான்றிதழ் என்பார்கள்; அவர்களுக்குப் பின் வந்தவர்கள் ஜி.சி.இ. சாதாரண நிலை என்பார்கள், இளையவர்கள் சி.எக்ஸ்.சி. என்பார்கள். சி.எக்ஸ்.சி. எனப்படும் கரீபியன் தேர்வுக் கழகம் 1972இல் அமைந்து 1979இல்தான் தன் முதல் தேர்வுகளை நடத்தியது என்பதால், சி.எக்ஸ்.சி. எழுதியவர் அதற்கு முந்தைய வகுப்பினராக இருக்க முடியாது. கயானாவில் இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஆண்கள் பள்ளியாக இருந்த குவீன்ஸ் காலேஜிலும் பெண்கள் பள்ளியாக இருந்த பிஷப்ஸ் ஹைஸ்கூலிலும் 1975இல் இருபாலரையும் சேர்க்கத் தொடங்கினார்கள். 1976இல் அரசு எல்லாப் பள்ளிகளையும் தன்வசம் எடுத்துக்கொண்டு கல்வியை இலவசமாக்கியது. தம் வகுப்பில் பையன்கள் இருந்தார்களா, பெற்றோர் கட்டணம் கட்டினார்களா என்ற இரண்டு கேள்விகளிலேயே காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

காலம் தெரிந்தால் எந்த நாட்டில் தேடுவது என்பதும் தெரிந்துவிடும். கரீபியன் குடியேறிகளோடு எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் 1948 ஜூனில் இங்கிலாந்து வந்து சேர்ந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் பெரும்பாலும் அந்த நாட்டுக்கே போனார்கள். 1962இல் பிரிட்டன் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 1965இல் அமெரிக்காவும் 1967இல் கனடாவும் தம் குடியேற்ற விதிகளைத் தளர்த்தின. அதன் பிறகு பள்ளி முடித்தவர்களை நியூயார்க்கிலும் டொரன்டோவிலும் தேடுவதுதான் பலன் தரும்.

ஊரிலேயே இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர்களை முதலில் சேர்த்துவிட்டு, ஊரில் இருப்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள் என்பதுதான் என் அறிவுரை. ஊரில் தங்கிவிட்ட ஒருவருக்கு யாருடைய அம்மா இன்னும் அதே தெருவில் இருக்கிறார், யாருடைய அண்ணன் கடை நடத்துகிறார், யார் போன டிசம்பரில் வந்து போனார் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து மாதக்கணக்கில் தேடியும் கிடைக்காத தொலைபேசி எண், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஒரே விசாரிப்பில் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. குழு முழுவதும் வெளிநாட்டவர்களால் நிரம்பிய பிறகு ஊர்க்காரர்களை உள்ளே அழைத்தால், அவர்கள் விருந்தாளிகளைப் போல ஓரமாக இருந்துவிடுவார்கள். முதல் மூன்று பேரில் ஒருவராக வந்தவர் அந்தக் குழுவைத் தம்முடையது என்றே நினைப்பார்.

பெயர்களைத் தேடும்போது மூன்று சிக்கல்கள் வரும். பெண்கள் திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பட்டியலில் பள்ளிக் காலப் பெயருக்கென்று தனிக் கட்டம் வேண்டும். அடுத்தது பட்டப்பெயர். கயானாவில் பலருக்கு வீட்டிலும் தெருவிலும் அழைக்கும் பெயர் ஒன்று, பதிவேட்டில் உள்ள பெயர் வேறொன்று. ஆறு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பதிவுப் பெயரே தெரியாது என்று சொல்பவர்களும் உண்டு. அழைக்கும் பெயருக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். மூன்றாவது எழுத்துக்கூட்டல். 1838 முதல் 1917 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கயானாவுக்குப் போன இந்தியர்களில் ஒரு பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வீராசாமி, ராமசாமி, முனுசாமி போன்ற பெயர்களைத் துறைமுக எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைக்க, அவை இன்று பல எழுத்துக்கூட்டல்களில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. தமிழ் தெரிந்தவர் இங்கே நல்ல உதவி செய்ய முடியும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே இரண்டு எழுத்துக்கூட்டல்களும் ஒரே பெயர்தான் என்று நமக்கு விளங்கிவிடும்.

பழைய நாளிதழ்களும் கைகொடுக்கும். ஜமைக்காவில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்கள் கிளீனர் நாளிதழில் அச்சாகி வந்தன. அந்தத் தேர்வு 1999இல்தான் வேறொரு தேர்வுக்கு வழிவிட்டது. பதினொரு வயதில் தம் பெயரை நாளிதழில் தேடிய காலை வேளையை எந்த ஜமைக்கா மாணவரும் மறந்திருக்க மாட்டார் என்பதால், இது தேடலுக்கும் பேச்சுக்கும் ஒருசேர உதவும்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஐந்தாம் படிவம் முடித்தவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். முதல் படிவத்தில் சேர்ந்த எல்லோரையும் சேருங்கள். இலவசக் கல்வி வருவதற்கு முன், பார்படோஸில் 1962 வரையிலும் கயானாவில் 1976 வரையிலும், கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாம் படிவத்திலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையாவது கண்டுபிடித்து அழைப்பது, பெரிய பதவியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரை அழைப்பதைவிட அந்த வகுப்புக்கு நிறைவு தரும்.

கூடுமிடம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கரீபியனிலும் கரீபியன் மக்கள் குடியேறிய நாடுகளிலும் வாட்ஸ்அப் பயன்படுத்தாதவர்கள் குறைவு, அதிலேயே தொடங்குங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு குழு போதும். பள்ளி முழுவதற்குமான பெரிய குழுவில் யாரும் யாரையும் அறியாமல் வாழ்த்துப் படங்கள் மட்டுமே வந்து குவியும். வாழ்த்து, ஜெபம், நகைச்சுவைக் காணொளி ஆகியவற்றுக்குத் தனிக் குழு ஒன்றை வைத்துவிட்டால், நினைவுகளுக்கான குழு சுத்தமாக இருக்கும். செய்திகள் தானாக மறையும் அமைப்பை அணைத்து வையுங்கள். தட்டச்சு செய்யச் சிரமப்படும் முதியவர்களைக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்துபவர், பேசச் சொன்னால் பத்து நிமிடம் பேசுவார். தம் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே பேசுவார் என்பதால் அந்தப் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

சிறிய கேள்விகளைக் கேளுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பள்ளி நாட்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால், அருமையான நாட்கள் என்ற பதில்தான் வரும். கை வைத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளை, ஒரு இடத்தை, ஒரு நேரத்தைக் கேளுங்கள். ஜார்ஜ்டவுன் கடல்மட்டத்துக்குத் தாழ்வான நகரம். கடற்சுவரும் தெருவோர வாய்க்கால்களும் மதகுகளும்தான் அதைக் காக்கின்றன. ஆகவே அங்கே படித்தவரிடம், கனமழையில் எந்தத் தெரு முதலில் முழுகும், அன்று காலணியை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்கலாம். கடற்சுவரில் ஞாயிறு மாலை எந்த இடத்தில் கூடுவீர்கள், ஸ்டாப்ரூக் சந்தையின் மணிக்கூண்டு சரியான நேரம் காட்டுமா, அன்னாசி ஜாம் வைத்த முக்கோணப் பண்டமான பைன் டார்ட்டை முனையிலிருந்து தின்பீர்களா, நடுவிலிருந்தா என்றெல்லாம் கேட்கலாம். டிரினிடாட்காரரிடம் டபுள்ஸ் என்ற தெருவோரச் சிற்றுண்டி விற்றவரைப் பற்றியும் குவீன்ஸ் பார்க் சவானா மைதானத்தில் நடந்த விளையாட்டுகளைப் பற்றியும் கேளுங்கள். ஜமைக்காக்காரரிடம் சாம்ப்ஸ் என்ற ஒரு சொல்லை உச்சரித்தால் போதும். 1910இல் தொடங்கிய அந்தப் பள்ளித் தடகளப் போட்டிகளில் தம் பள்ளி எந்த ஆண்டு வென்றது, யார் கடைசிச் சுற்றில் தடியைத் தவறவிட்டார் என்பதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். ஒரே நாளில் இரண்டு கேட்டால் இரண்டும் பாதியில் நின்றுவிடும்.

ஒரு படம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் இருந்த மூன்றாம் படிவக் குழுப்படத்தைச் சொல்லலாம். உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். ஓரங்கள் அலை அலையாக வெட்டப்பட்டவை. பின்புறம் நீல மையில் எழுதிய பெயர்களில் பாதி, ஈரம் பட்டுக் கரைந்து போயிருந்தன. முழுப் படத்தையும் அனுப்பி இவர்கள் யார் என்று கேட்டபோது, அழகான படம் என்ற பாராட்டு மட்டுமே வந்தது. பிறகு அதைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாக வெட்டி, ஒவ்வொரு வாரமும் ஒரு வரிசையாக அனுப்பினோம். முன்வரிசையில் தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெண்ணின் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த முழங்கால் யாருடையது என்று கேட்டோம். பர்மிங்காமில் இருக்கும் ஒருவர் அது தம்முடையது என்று குரல் பதிவு அனுப்பினார். கழுதை வண்டிக்கு வழிவிடப் போய்ச் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்ததையும், ஈரப் பாவாடையோடு வகுப்புக்குப் போனால் திட்டு விழும் என்று பயந்து ஒரு தோழியின் வீட்டில் காயவைத்ததையும் சொன்னார். அந்தத் தோழி யார் என்ற அடுத்த கேள்வியில்தான், அதுவரை யாருக்கும் நினைவில்லாமல் போயிருந்த இன்னொரு வகுப்புத் தோழியின் பெயர் வெளியே வந்தது.

ஆண்டுகள் குழம்பும்போது பொது நிகழ்ச்சிகளைக் கொக்கியாகப் பயன்படுத்துங்கள். தீவுகளில் புயல்களே காலக் கணக்கு. பார்படோஸிலும் கிரெனடாவிலும் 1955இன் ஜேனட், டொபேகோவில் 1963இன் ஃப்ளோரா, டொமினிகாவில் 1979இன் டேவிட், ஜமைக்காவில் 1988இன் கில்பர்ட் ஆகியவற்றுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் தடுமாற்றமின்றிப் பதில் வரும். விடுதலை நாட்களும் அப்படியே. ஜமைக்காவும் டிரினிடாடும் 1962 ஆகஸ்டில் விடுதலை பெற்றன; கயானா 1966 மே 26 அன்றும், பார்படோஸ் அதே ஆண்டு நவம்பர் 30 அன்றும் விடுதலை பெற்றன. புதிய தேசிய கீதத்தை எந்த வகுப்பறையில் கற்றார் என்பது நினைவிருந்தால் படிவமும் ஆண்டும் தெளிந்துவிடும்.

பள்ளியே இல்லாமல் போனவர்களுக்கு வேறொரு வழியைப் பரிந்துரைக்கிறேன். மான்செராட் தீவில் 1995 ஜூலையில் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை விழித்தெழுந்தது. தலைநகர் பிளிமத்திலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1997இல் அந்த நகரம் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தது. தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிரிட்டனுக்கும் அண்டிகுவாவுக்கும் பிற இடங்களுக்கும் போய்விட்டார்கள். அருபாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி வளர்ந்த லாகோ குடியிருப்பில் படித்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கும், 1985இல் அந்த ஆலை மூடப்பட்ட பிறகு திரும்பிப் போய்ச் சேர அந்தச் சமூகம் இல்லை. இத்தகையவர்கள் ஒவ்வொருவரையும் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்த வழியை வெள்ளைத் தாளில் வரையச் சொல்லுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. கடை, மரம், நாய் துரத்தும் வீடு, குறுக்கு வழி ஆகியவற்றைக் குறித்தால் போதும். பத்துப் பேர் வரைந்த வழிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, எங்கும் அச்சாகாத ஊர் வரைபடம் ஒன்று உருவாகும். ஒருவர் விட்டதை இன்னொருவர் நிரப்புவார். ஒருவர் தவறாகக் குறித்ததை மற்றவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தலிலேயே அறுந்த நட்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

வலிக்கும் நினைவுகளுக்கு இடம் வையுங்கள்

கயானாவில் 1960களின் தொடக்கத்தில் படித்தவர்களோடு வேலை செய்பவர், 1962 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் வணிகப் பகுதி எரிந்ததையும், 1963இல் 80 நாள் வேலைநிறுத்தம் நடந்ததையும், 1964இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் இடையே வன்முறை வெடித்துக் குடும்பங்கள் ஊர் மாறிப் போனதையும் தெரிந்துகொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். ஒரே பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருந்த இரண்டு மாணவிகளுக்கு அந்த ஆண்டுகள் முற்றிலும் வேறு வேறாக நினைவிருக்கும். கிரெனடாக்காரர்களுக்குப் புரட்சியில் தொடங்கி அமெரிக்கப் படையெடுப்பில் முடிந்த 1979 முதல் 1983 வரையிலான ஆண்டுகளும், டிரினிடாட்காரர்களுக்குக் கறுப்பின எழுச்சிப் போராட்டம் நடந்த 1970உம் அத்தகையவையே.

இவற்றைப் பேசவே கூடாது என்று தடை போடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் ஒரு நாள் திடீரென்று காலியான இருக்கையைப் பற்றிப் பேசாமல் அந்த வகுப்பின் கதையை முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விதிகள் வேண்டும். இன்றைய தேர்தல்களைப் பற்றி இந்தக் குழுவில் பேசக் கூடாது. அந்த விதிக்கு விலக்கே கிடையாது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுபவர், தாம் கண்டதையும் தம் வீட்டில் நடந்ததையும் மட்டுமே சொல்ல வேண்டும். அவர்கள் செய்தார்கள், இவர்கள் செய்தார்கள் என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். அன்று மாலை அப்பா வீடு திரும்பவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, மறுபக்கத்தில் இருப்பவர் வாதம் செய்ய மாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார். அப்படி ஒருவர் சொல்லி முடித்ததும் நிர்வாகி அடுத்த கேள்வியைப் போட்டு அதை மூடிவிடக் கூடாது. அந்த வாரத்தை அவருக்கே விட்டுவிடுங்கள்.

பிரம்படியும் இப்படிப்பட்டதே. பெரும்பாலோர் அதைச் சிரிப்போடு சொல்வார்கள். ஒருவர் மட்டும் பதில் எழுதாமல் இருப்பார். அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். ஆசிரியர்களின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டும் செய்திகளைப் பொதுக் குழுவில் அனுமதிக்காமல், சொன்னவரோடு தனியே பேசி, அவர் விரும்பும் வழியில் கொண்டுபோவதே நியாயம்.

சேர்ந்து பேச ஒரு நேரம்

கயானாவிலும் கிழக்குக் கரீபியன் தீவுகளிலும் கோடைக்காக மணி மாற்றும் வழக்கம் இல்லை. டொரன்டோவும் நியூயார்க்கும் லண்டனும் மாற்றுகின்றன. இதனால்தான் பல குழுக்களின் காணொளிச் சந்திப்பு மார்ச்சிலும், அக்டோபர் இறுதியிலும், நவம்பர் தொடக்கத்திலும் குழம்பிப் போகிறது. நேரத்தைக் கரீபியன் மணியிலேயே நிலையாக வைத்துக்கொண்டு மற்றவர்களை மாறச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுனில் ஞாயிறு பிற்பகல் 2 மணி என்று வைத்தால், டொரன்டோவிலும் நியூயார்க்கிலும் குளிர்காலத்தில் 1 மணி, கோடையில் 2 மணி. லண்டனில் குளிர்காலத்தில் மாலை 6, கோடையில் 7. ஜமைக்காவில் ஆண்டு முழுவதும் 1 மணி. ஊரில் தேவாலயம் முடிந்து சாப்பாடும் முடிந்திருக்கும். லண்டன்காரர் இன்னும் தூங்கப் போயிருக்க மாட்டார்.

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். முதல் சில சந்திப்புகளுக்கு அதுவே போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதைத் தவிர்க்க, ஒவ்வொரு முறையும் ஒருவர் ஒரு பொருளைக் கையில் எடுத்து வந்து காட்ட வேண்டும் என்று வையுங்கள். சட்டைப் பையிலிருந்து பிரித்தெடுத்த பள்ளிச் சின்னமும், பரிசளிப்பு விழாவில் கிடைத்த புத்தகமும், மதிப்பெண் அட்டையும் பேச்சைத் தாமாகவே நடத்திச் செல்லும்.

நேரில் கூட வேண்டுமென்றால் ஏற்கெனவே கரீபியன் மக்கள் திரளும் நாட்களை ஒட்டித் திட்டமிடுங்கள். டொரன்டோவில் 1967 முதல் நடந்துவரும் கரிபானா திருவிழா ஆகஸ்டின் முதல் வார இறுதியில் வருகிறது. அமெரிக்காவிலிருந்தும் ஊரிலிருந்தும் பலர் எப்படியும் வருவார்கள். நியூயார்க்கில் செப்டம்பர் தொழிலாளர் தின ஊர்வலம், லண்டனில் ஆகஸ்ட் கடைசித் திங்களன்று நாட்டிங் ஹில் கார்னிவல், ஃபிலடெல்ஃபியாவில் ஏப்ரல் இறுதியில் ஜமைக்காப் பள்ளிகள் ஓட வரும் பென் ரிலேஸ் ஆகியவை அடுத்தவை. ஊருக்கே போய்க் கூடுவதென்றால் கயானாவில் குடியரசு நாளான பிப்ரவரி 23 அன்று வரும் மஷ்ரமானி விழா, மான்செராட்டில் 1768இன் அடிமைகள் எழுச்சியை நினைவுகூரும் மார்ச் 17 ஆகிய நாட்கள் பொருத்தமானவை. டிரினிடாட் கார்னிவல் வாரத்தில் விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஓய்வூதியத்தில் வாழும் தோழர்கள் வர வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கூடுமிடத்தில் மேடையும் பேச்சாளரும் தேவையில்லை. சக்கர நாற்காலி நுழையும் வாசலும், பேச்சை மறைக்காத அளவு இசையும், மரப்பட்டையில் காய்ச்சும் மௌபி பானமும் தேவை.

கிடைத்ததைப் பாதுகாப்பது

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப் போன படம். அசல் யாரிடம் இருக்கிறதோ அவரை வருடிப் பொறியில் வைத்து அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் நகலெடுக்கச் சொல்லுங்கள். சிறிய பழைய படங்களுக்கு அதற்குக் குறைந்தால் முகங்கள் தெளியாது. பின்புறத்தையும் நகலெடுங்கள். புதிதாகப் பெயர் எழுத வேண்டுமானால் மை வேண்டாம், மென்மையான பென்சில் போதும். கோப்புக்கு ஆண்டு, படிவம், அனுப்பியவர் பெயர் என்ற வரிசையில் பெயரிடுங்கள். குரல் பதிவுகளை அவ்வப்போது தனியே எடுத்துச் சேமியுங்கள். கைபேசி தொலைந்தால் எல்லாம் போய்விடும். இரண்டு இடங்களில், அதுவும் இரண்டு வேறு நாடுகளில், பிரதி இருக்கட்டும்.

சேர்ந்தது ஓரளவு பெருகியதும் அதை ஒரு நிலையான இடத்தில் சேர்ப்பது பற்றி யோசியுங்கள். 2004இல் தொடங்கிய கரீபியன் எண்ணிம நூலகம், அந்தப் பகுதியின் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் சேர்ந்து நடத்துவது. எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் நூலகங்களும், ஜார்ஜ்டவுனில் வால்டர் ராட்னி பெயரால் அமைந்த தேசிய ஆவணக் காப்பகமும் உண்டு. எதைக் கொடுப்பதற்கு முன்பும் படத்தில் இருப்பவர்களிடமும் பேசியவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குழுவுக்காகச் சொன்ன ஒன்றை உலகுக்காகவும் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும்போது

சில மாதங்களில் யாராவது ஒருவர் பள்ளிக்குப் பீப்பாய் அனுப்பலாம் என்பார். கரீபியன் குடும்பங்கள் வெளிநாட்டிலிருந்து பொருள்களை நிரப்பிக் கப்பலில் அனுப்பும் அந்தப் பெரிய பீப்பாய்கள் டிசம்பருக்கு முன் டொரன்டோவின் கடைகளில் வரிசையாக நிற்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் முதலில் தலைமை ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். கேட்காமல் அனுப்பிய பழைய கணினிகளும் பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகங்களும் ஓர் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கும். சுங்கவரி விலக்குக்கு யார் விண்ணப்பிப்பது என்பதையும் அனுப்புமுன் பேசி முடிக்க வேண்டும். பணம் திரட்டினால் இருவர் கையொப்பமும் ரசீதும் கட்டாயம். உங்கள் பள்ளிக்கு ஏற்கெனவே பழைய மாணவர் சங்கம் இருந்தால் தனியாக நிதி தொடங்காமல் அதன் வழியாகவே செய்யுங்கள்.

இழப்புகளும் பொறுப்பு மாற்றமும்

இந்த வயதுக் குழுக்களில் மரணச் செய்திகள் வந்துகொண்டேயிருக்கும். குடும்பத்தாரிடம் உறுதி செய்யாமல் எதையும் பதிவிடாதீர்கள்; பிள்ளைகளுக்கே இன்னும் தெரிவிக்கப்படாத செய்தி பள்ளிக் குழுவில் வந்துவிடக் கூடாது. இறுதிச் சடங்கு நேரலையாக வந்தால் அதன் இணைப்பைக் கேட்டு வாங்கி, ஜார்ஜ்டவுன் நேரத்தோடு மற்ற நகரங்களின் நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இறந்தவர் சொன்ன குரல் பதிவுகளைத் தொகுத்து அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் கேள்விப்பட்டே இராத பதின்மூன்று வயதுப் பெண்ணின் கதை அதில் இருக்கும். பெயர்ப் பட்டியலில் அவருடைய வரியை அழிக்க வேண்டாம். பக்கத்தில் ஆண்டை மட்டும் குறியுங்கள்.

நிர்வாகிகளாக மூவர் இருக்கட்டும். அவர்களில் ஒருவர் கரீபியனிலேயே வசிப்பவராகவும், ஒருவர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவராகவும் இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் எல்லா எண்களுக்கும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். செய்தி அனுப்பினால் போதாது. குரலைக் கேட்க வேண்டும். எண் மாறியவர்களையும், பேசச் சிரமப்படுபவர்களையும், முதியோர் இல்லத்துக்குப் போனவர்களையும் அந்த அழைப்பில்தான் கண்டுகொள்வீர்கள். அப்படிப்பட்டவருக்கு அருகில் வசிக்கும் தோழர் யார் என்று பட்டியலில் பார்த்து, அவரை அந்த மாதத்துக்குள் நேரில் போய் வரச் சொல்லுங்கள். போகும்போது வகுப்புப் படத்தின் பெரிய பிரதி ஒன்றை எடுத்துச் செல்லட்டும்.